அணையாத பிரேக் லைட்

கேள்வி: மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறேன். விடியுமுன் பூப் பறித்து, என் ஸ்பிளெண்டரில் கட்டி நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவேன். கொஞ்ச நாளாகச் சாவியைப் போட்டதுமே பிரேக் லைட் எரிகிறது. மிதித்தாலும் விட்டாலும் அணைவதில்லை. பேட்டரி இறங்கி, செல்ஃப் எடுக்க மறுக்கிறது. பல்பை மாற்றியும் பலனில்லை. “ஸ்விட்ச் போயிடுச்சு, ஒயரைக் கட் பண்ணி விட்ருவோம், பேட்டரியாவது தங்கும்” என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், நிலக்கோட்டை

பதில்: கூடாது. வெட்டினால் பேட்டரி தங்கும். ஆனால் நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். கொடைரோட்டிலிருந்து வத்தலக்குண்டு போகும் பாதையில் கொடைக்கானல் பஸ்ஸும் வேனும் இருட்டிலேயே ஓடத் தொடங்கிவிடுகின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அந்த ஒரு நொடியை டிரைவருக்குக் கொடுப்பது பிரேக் லைட்தான். எப்போதும் எரியும் விளக்கும் அதே ஆபத்துதான். நீங்கள் நிற்கப்போவதை அது சொல்லாது.

ஸ்விட்சைக் குறை சொல்லுமுன் பெடலைப் பாருங்கள். சாவியைப் போட்டு, பிரேக் பெடலின் அடியில் கால் விரலைக் கொடுத்து மேலே தூக்குங்கள். விளக்கு அணைந்தால் ஸ்விட்ச் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பெடல்தான் முழுசாக மேலே வரவில்லை. வாய்க்கால் சேறும் செம்மண்ணும் ஏறி பெடல் சுழலும் பின் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது பெடலை இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பின்னைக் கழற்றி, துருவைத் தேய்த்து கிரீஸ் வைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். உங்களுடையது 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால், பெடலிலிருந்து முன் பிரேக்குக்கும் ஒரு கேபிள் போகும். அது இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெடல் சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லையா? வலது பக்கம், பெடலுக்கு மேலே, சின்ன ஸ்பிரிங்கோடு இணைந்த பிளாஸ்டிக் ஸ்விட்ச் இருக்கும். அதிலிருந்து வரும் இரண்டு ஒயர்களின் கப்ளரைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் கோளாறு அந்த ஸ்விட்சில், அல்லது அதன் அட்ஜஸ்ட்மென்ட்டில். அணையாவிட்டால் முன் பிரேக் லீவரின் அடியிலுள்ள ஸ்விட்சின் ஒயரையும் கழற்றிப் பாருங்கள். இரண்டையும் கழற்றிய பிறகும் எரிந்தால்தான் ஒயரிங்கில் கை வைக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் ஒயர் உரசித் தோல் உரிந்து, பக்கத்திலுள்ள கரண்ட் ஒயரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

அட்ஜஸ்ட்மென்ட்டில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் பின் பிரேக்கை சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஃபிரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம், இருக்கட்டும். பிறகு ஸ்விட்சின் உடம்பை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் திருகுங்கள். உடம்பையே திருகினால் ஒயர் முறுக்கி உள்ளே அறுந்துவிடும். ஸ்விட்ச் மேலேறினால் விளக்கு சீக்கிரம் எரியும், கீழிறங்கினால் தாமதமாக எரியும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் கணத்துக்குச் சற்று முன்னால் விளக்கு வர வேண்டும். எந்த நிலையில் வைத்தும் அணையவில்லை என்றால் ஸ்விட்சை மாற்றுங்கள். விலை அதிகமில்லாத பாகம், ஒரிஜினலாகவே வாங்குங்கள்.

பேட்டரி இறங்குவது ஏன் என்று கணக்குப் பார்த்தால் புரியும். 21 வாட் பிரேக் பல்ப் என்றால் 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். 3 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பெரிய சுமை. மார்க்கெட் வாசலில் வண்டி ஐடிலில் நிற்கும்போது சார்ஜும் குறைவாகவே ஏறும்.

பல்பை மாற்றியபோது கவனித்தீர்களா? இரட்டை இழை பல்பின் இரண்டு பின்களும் ஒரே உயரத்தில் இருக்காது. தவறான பல்பை அழுத்திச் சொருகினால் டெயில் லைட்டே பிரேக் லைட் மாதிரி பளிச்சென்று எரியும். அதையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பூ மூட்டை சீட்டுக்குப் பின்னால் தொங்கி டெயில் லைட்டை மறைத்தால், எவ்வளவு நல்ல ஸ்விட்சும் வீண். ஈரச் சாக்கின் தண்ணீர் ஹோல்டரில் சொட்டிச் சொட்டி களிம்பு பிடிக்கும், எர்த் கெடும். மூட்டையை உயர்த்திக் கட்டுங்கள். தோட்டத்திலிருந்து கிளம்புமுன் வண்டியின் பின்பக்கத்தைச் சுவருக்கு நேராக நிறுத்தி, கால் பிரேக்கையும் கை பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் சுவரில் சிவப்பு கூடி, விட்டதும் குறைய வேண்டும். ஒயரை ஏற்கெனவே வெட்டியிருந்தால், அடுத்த லோடு ஏற்றுமுன் சேர்த்துவிடுங்கள்.