பயணமும் பண்பாடும்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் கடப்பிதழும் பயணச்சீட்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். அவற்றோடு, செல்லும் நாட்டைப் பற்றிய அறிவும் தேவை. ஜப்பானுக்குச் செல்லும் மலேசியர்களுக்கு இது நன்கு பொருந்தும்.

ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். அங்குப் பெரும்பாலும் இரண்டு தட்டையான முனைகளைக் கொண்ட மின்செருகிகளே பயன்படுகின்றன. ஆகவே, மலேசியாவின் மும்முனைச் செருகிக்கு ஏற்ற இணைப்பியை எடுத்துச் செல்ல வேண்டும். சளிக்காக வாங்கும் மருந்துகளிலும் கவனம் தேவை. 'சூடோஎபிட்ரின்' 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்த மருந்துகளை முன் அனுமதியின்றி அங்குக் கொண்டுசெல்லத் தடை உண்டு. சுற்றுப்பயணிகள் கடப்பிதழை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டம்.

சட்டத்தை மீறினால் காவலர் தடுப்பார். வழக்கத்தை மீறினாலோ பெரும்பாலும் எவரும் வாய்திறந்து சொல்லமாட்டார். எனவே, ஜப்பானியரின் வழக்கங்களைப் புறப்படும் முன்னரே அறிந்துகொள்வது நன்று.

பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்னும் எண்ணமே அவற்றுள் பலவற்றுக்கு அடிப்படை. இரயிலில் பயணம் செய்வோர் கைப்பேசியின் ஒலியை அடக்கிவிடுவர். அதில் பேசுவதையும் தவிர்ப்பர். வெந்நீர் ஊற்றுக் குளியலிடங்களில் உடலை நன்கு கழுவிய பின்னரே பொதுத் தொட்டியில் இறங்குவர். தெருக்களில் குப்பைத்தொட்டிகள் குறைவு என்பதால், தம் குப்பையைத் தாமே எடுத்துச் செல்வர்.

காலணியைக் கழற்றிவிட்டு வீட்டினுள் நுழைவது தமிழருக்குப் புதிதன்று. ஜப்பானியர் வீட்டினுள் அணியத் தனிச் செருப்பு தருவர். 'ததாமி' பாய் விரித்த அறையில் அதையும் கழற்றிவிட வேண்டும்.

உணவுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கக்கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அவ்வாறு நடுவர். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் தவறு. உடலை எரியூட்டிய பின் எலும்புகளை அம்முறையில்தான் எடுத்துக் கொடுப்பர். காரணம் அறியாதவருக்கு இது சிறு விதி. உறவினரை இழந்தவருக்கோ துயரத்தின் நினைவு.

கியோத்தோ நகரின் கியோன் பகுதியில் 'மைக்கோ' எனப்படும் இளம் கலைஞர்கள் அழகிய கிமோனோ உடையில் பணிக்குச் செல்வர். சில சுற்றுப்பயணிகள் படம் எடுப்பதற்காக அவர்களை வழிமறித்தனர், பின்தொடர்ந்தும் சென்றனர். பொறுமையிழந்த அப்பகுதி மக்கள், தங்கள் தனியார் சந்துகளில் சுற்றுப்பயணிகள் நுழைவதற்கு 2024ஆம் ஆண்டில் தடை விதித்தனர். சிலர் செய்த பிழையால், பின்னர் வருவோரும் அச்சந்துகளைக் காணும் வாய்ப்பை இழந்தனர்.

எல்லா வழக்கங்களையும் மனனம் செய்துகொண்டு எவராலும் புறப்பட முடியாது. ஐயம் எழும்போது அருகிலிருப்போரைக் கவனித்து நடக்கலாம். தவறு நேர்ந்தால், 'சுமிமாசென்' என்று கூறி மன்னிப்புக் கேட்கலாம். அவ்வாறு நடந்துகொள்பவரை மட்டுமன்றி, அவருக்குப் பின் வரும் மலேசியரையும் அவ்வூர் மக்கள் முகமலர்ச்சியோடு வரவேற்பர்.