முதல் உப்பு வார வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

தை முடிந்து மாசி வெயில் ஏறும்போது மரக்காணத்துப் பாத்திகளில் புது உப்பு பூக்கும். அதை வார இந்தப் பருவம் முதல்முறையாக வந்திருக்கிறீர்கள். அளத்திலேயே தலை நரைத்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இருட்டு பிரியுமுன் எல்லாரும் சேர்ந்து இறங்குங்கள், சேர்ந்தே கரையேறுங்கள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று வரப்பிலேயே ஒருமுறை எண்ணுங்கள். ஆளுக்கொரு துணை வேண்டும். துணையின் முகத்தை அவ்வப்போது திரும்பிப் பார்ப்பதும் வேலையில் சேர்த்திதான்.

2. பொதுவரப்பில் மட்டும் நடங்கள். பாத்தியின் களித்தரையை நாள்கணக்கில் மிதித்து மிதித்து இறுக்கியிருக்கிறோம். குறுக்குவழி என்று ஒருவர் அதில் காலை வைத்தால், அந்தக் குழியிலிருந்து கிளம்பும் சேறு உப்பில் கலக்கும்.

3. அவசரப்பட்டு வாராதீர்கள். உப்புச்செறிவை அளக்கும் போமே மானியில் கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி காட்டும். வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே உப்பு இறங்கத் தொடங்கும். 29, 30 என்று ஏறவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு தட்டும். அதனால் அந்தக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். கருவி இல்லாமலே நீரின் நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்லும் மூத்தவர்கள் நம் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று பழகுங்கள்.

4. உப்பு வாரும் பலகையை அழுத்தாதீர்கள். உப்பை மட்டும் தொட்டு இழுக்க வேண்டும். அடியில் உரசினால் பழுப்பு ஏறிவிடும். பாத்தியில் நிற்கும் நீரிலேயே அலசி வரப்போரம் குவியுங்கள். கசப்பு நீர் வடிய நேரம் கொடுத்த பிறகுதான் சட்டியில் அள்ள வேண்டும்.

5. கண். காஷ்மீர் குல்மார்க்கில் புதுப்பனியில் சறுக்கப் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் மலையேறுவதில்லை. வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பிக் கண்ணுக்குள் அடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் வெள்ளையும் அதையேதான் செய்கிறது, அதுவும் பருவம் முழுக்க. கண்ணாடியும் காலுக்கு ரப்பர் பூட்ஸும் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று பாத்திக்குள் இறங்காமல் கரைவேலை பாருங்கள்.

6. இதுதான் முக்கியம். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் தாங்கும் அளவை மீறிய வெப்பத்தில் வேலை செய்கிறோம், சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்பது அதன் சாரம். பெண்பிள்ளைகளே, ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கழிப்பிடம் கேட்டு நாம் எல்லாரும் சேர்ந்து நிற்போம். அதுவரை துணையோடு போய் வாருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீராகாரம், மோர், தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடம்பு வற்றுகிறது.

யாராவது தள்ளாடினால், பேச்சு குழறினால், வியர்வை நின்று உடம்பு கொதித்தால், சட்டியைப் போட்டுவிட்டு ஓடுங்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நல்ல தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். கணக்குப்பிள்ளை என்ன சொல்வாரோ என்று ஒரு நொடிகூட யோசிக்க வேண்டாம்.

7. வேகமாகச் சுமக்கிறவர் தன் வேகத்தைக் காட்டும் இடம் இதுவல்ல. நடையில் பின்தங்குகிறவரை வரிசையின் முன்னால் விடுங்கள். சட்டியை முழுக்க நிரப்பாமல் தூக்கிப் பழகுங்கள், கழுத்து பழகட்டும்.

8. கோடை மழை சட்டென்று வரும். மழைநீர் கனமில்லாதது, உப்புநீரின் மேலேயே மிதக்கும். கலக்காமல் மேல்நீரை மட்டும் வழியவிட்டால் அடியில் உள்ளது பெரும்பாலும் தப்பும். பதறிப் பாத்திக்குள் ஓடினால் இரண்டும் கலந்து விளைச்சல் கரைந்துவிடும். இடி கேட்டால் உப்பைப் பார்க்காதீர்கள், கரையேறிக் கட்டடத்துக்குள் போங்கள். வெட்டவெளியில் நாம்தான் உயரமாக நிற்போம்.

9. நெகிழிப் பையை வாய்க்காலில் போடாதீர்கள். பக்கத்தில் கழுவெளி இருக்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரைகள் வரும் நீர் அது.

10. முதல் பருவத்திலேயே தொழிலாளராகப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஐப்பசியில் மழை இறங்கினால் நமக்கு வேலை இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அளமெல்லாம் வெள்ளக்காடானது. மழைக்காலத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் 2022 முதல் நடப்பில் உள்ளது. பதிவில் பெயர் இல்லாவிட்டால் கைக்கு வராது. அடையாள அட்டை நகலோடு நாளைக்கே வாருங்கள், படிவம் நிரப்ப நான் கூட இருக்கிறேன்.