மன்னிப்பின் அப்பம்

காதற்கதை என்று கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிப்போர் நம்மிடையே சிலருளர். அது மாணாக்கரின் காலத்தைக் கவரும் வீண்பொருள் என்பது அவர்தம் தீர்ப்பு. இத்தீர்ப்பு எல்லாக் காதற்கதைகட்கும் பொருந்துமோ என்பதை, இத்தாலிய ஆசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனி (1785–1873) இயற்றிய “ஈ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி”, அதாவது “நிச்சயிக்கப்பட்ட மணமக்கள்”, என்னும் நாவலைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம். 1827-ல் வெளிவந்த இந்நூலை, ஆசிரியர் பிளாரென்ஸ் நகர வழக்கிற்கேற்பத் திருத்தி 1840 முதல் 1842 வரை மீண்டும் வெளியிட்டார்.

கதை 1628-ல் கோமோ ஏரிக்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் தொடங்குகின்றது. ரென்ஸோ என்னும் பட்டுத் தொழிலாளிக்கும் லூச்சியா என்னும் நற்குண மங்கைக்கும் மறுநாள் திருமணம். அவ்வூரை அடக்கியாண்ட தோன் ரொத்ரிகோ என்னும் பிரபு, லூச்சியாவை அடைவதாகத் தன் உறவினனோடு பந்தயம் கட்டியிருந்தான். அவனுடைய அடியாட்களின் மிரட்டலுக்கு அஞ்சிய பங்குக்குருவானவர் மணத்தை நடத்த மறுத்துவிட்டார். காதலர் இருவரும் ஊரைவிட்டு ஓடிப் பிரிந்தனர்.

அவர்கட்குத் துணைநின்றவர் கிறிஸ்தோபரோ என்னும் கப்புச்சீன் சபைத் துறவி. இவர் இளமையில் செல்வச்செருக்குடைய வணிகர் மகன். வீதியில் யார் யாருக்கு வழிவிடுவது என்ற அற்பச் சச்சரவில் ஒரு பிரபுவைக் கொன்றார். அக்கலகத்தில் தமக்காக உயிர்விட்ட பணியாளின் பெயரையே துறவுப்பெயராகப் பூண்டார். இறந்தவரின் உடன்பிறந்தார்முன் மண்டியிட்டு மன்னிப்பு வேண்டினார். மன்னிப்பின் அடையாளமாக அவ்வீட்டில் ஓர் அப்பத்தைக் கேட்டுப் பெற்று, அதில் ஒரு துண்டைத் தம் வாழ்நாள் முழுதும் காத்துவந்தார். அவர் தம் பாவத்தை மறப்பதற்கன்று, மறவாதிருத்தற்கே அதனை வைத்திருந்தார்.

மனந்திரும்பினோர் மற்றொருவரும் இக்கதையிலுளர். ஆசிரியர் அவரைப் பெயர் கூறாது ‘பெயரிலி’ என்றே சுட்டுகின்றார். ரொத்ரிகோவின் வேண்டுகோளின்படி லூச்சியாவைக் கவர்ந்துவரச் செய்தவர் இக்கொடியவரே. அவளுடைய கண்ணீர் அவர் நெஞ்சைத் துளைத்தது. தற்கொலையையும் எண்ணிப் பார்த்த அவ்விரவு கழிந்து விடியும்போது கோயில்மணி ஒலித்தது. கர்தினால் பெதெரிகோ பொரோமேயோவைக் காண மக்கள் மகிழ்ந்து சென்றனர். பெயரிலியும் சென்றார். கர்தினாலோ, தாமே முன்னர் அவரைத் தேடிச் செல்லாததற்காகத் தம்மை நொந்து, அவரைத் தழுவிக்கொண்டார். அன்றே லூச்சியா விடுதலை பெற்றாள். பின்னர் அவளுடைய மணச்செலவிற்காக நூறு பொற்காசுகளும் அவரிடமிருந்து வந்தன. மனமாற்றம் கண்ணீரோடு நில்லாமல், செய்த தீங்கைத் தன்னாலியன்றமட்டும் சரிசெய்ய முற்படுகின்றது என்பதை நாம் இங்குக் காண்கின்றோம்.

1630-ல் மிலான் நகரைக் கொள்ளைநோய் சூழ்ந்தது. அந்நோயினின்று பிழைத்த ரென்ஸோ, லூச்சியாவைத் தேடி நோயாளர் விடுதிக்கு வந்து, அங்கே தொண்டாற்றிய கிறிஸ்தோபரோவைக் கண்டான். ரொத்ரிகோவைப் பழிவாங்குவேன் என்று அவன் சொன்ன அளவில் துறவி சினந்தார். பின்னர் அவனை ஒரு குடிசைக்கு அழைத்துச் சென்றார். ஆங்கே ரொத்ரிகோ நினைவிழந்து, மரணத்தறுவாயிற் கிடந்தான். ரென்ஸோ தலைகுனிந்து தன் பகைவனுக்காக மன்றாடினான். அதன் பின்னரே லூச்சியாவைக் கண்டான். சிறைப்பட்ட இரவில் அவள் அச்சத்தாற் செய்திருந்த கன்னிமை விரதத்தினின்றும் துறவி அவளை விடுவித்தார். மன்னிப்பு முன்னும் மணம் பின்னுமாக ஆசிரியர் அமைத்த இவ்வரிசையே நூலின் உயிர்நிலை என்று நாம் கருதுகின்றோம்.

ஈண்டு ஒரு வினா எழலாம். வலியோன் தீங்கிழைக்க, எளியோனை நோக்கி ‘மன்னித்துவிடு’ என்பது நீதியாகுமோ? வலியோன்முன் வாய்மூடியிருந்த ஒருவர் அங்ஙனம் சொன்னால் அது நீதியன்று. ஆயின் கிறிஸ்தோபரோ முன்னரே ரொத்ரிகோவின் மாளிகைக்குத் தனியே சென்று, அவனை நேருக்குநேர் கண்டித்தவர். தீமையைத் தீமையென்று கூறிய நாவே பின்னர் மன்னிப்பையும் போதித்தது. அன்றியும், ஓருயிரைக் கொன்று மன்னிப்புப் பெற்ற ஒருவரே மற்றவனை மன்னிக்கக் கேட்கின்றார். பெற்றதையே கொடுக்கச் சொல்கின்றார் என்க.

ரொத்ரிகோ மனந்திரும்பினானோ இல்லையோ, ஆசிரியர் கூறவில்லை. ரென்ஸோவின் மன்னிப்பு அவ்விடையை எதிர்பார்த்து நிற்கவுமில்லை. கைம்மாறு கருதி அளிப்பது வாணிகமாகுமே யன்றி மன்னிப்பாகாது.

இறுதியில் துறவி, தாம் காத்துவந்த அப்பத்துண்டை ஒரு சிறு பெட்டியோடு அக்காதலர் கையிற் கொடுத்து, அதனைத் தம் மக்கட்குக் காட்டும்படியும், எப்பொழுதும் மன்னிக்க அவர்கட்குக் கற்பிக்கும்படியும் பணித்தார். பின்னர் அவர் கொள்ளைநோய்க்கே இரையானார். காதலரோ தம் ஊரில் மணமுடித்துப் பெர்காமோ நாட்டிற் குடியேறினர்.

மாணாக்க நண்பர்களே, விடுதியில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டும், ஒருவரோடொருவர் பேசாது மாதங்களைக் கழிப்போர் நம்முள் இலரோ? கல்லூரியை விட்டகலும் நாளில் நாம் கொண்டுசெல்லும் பொருள்களுள் பழம்பகையும் ஒன்றாதல் வேண்டா. பந்தியிற் பரிமாறும் உணவை நாளை அவரிடம் நாமே முதலில் நீட்டுவோமாக.