செய்தி வந்த வழி

நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் செய்தித்தாள் வாசிக்கும்போது மாணவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: "இதை எழுதியவர் எங்கே இருந்து எழுதினார்?" போர்ச் செய்திக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம்.

மேரி கோல்வின் அமெரிக்காவில் பிறந்தவர். லண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழின் நிருபர். 1999-ல் கிழக்குத் திமோரின் டிலி நகரில், ஆயுதக் கும்பல்கள் சூழ்ந்த ஐ.நா. வளாகத்தில் ஏறத்தாழ 1500 பேர் சிக்கியிருந்தனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். நிருபர்கள் பலர் வெளியேறிய பிறகும் அவர் அங்கேயே தங்கிச் செய்தி அனுப்பினார். பிறகு அம்மக்கள் பத்திரமாக வெளியேற்றப்பட்டனர்.

2001-ல், நிருபர்களுக்குத் தடை இருந்த வன்னிக்குள் சென்று, உணவுக்கும் மருந்துக்கும் தவித்த தமிழ் மக்களின் நிலையை நேரில் கண்டார். திரும்பும் வழியில் இலங்கை ராணுவத்தின் தாக்குதலில் இடது கண் பார்வை போயிற்று. காயத்தோடேயே கட்டுரையை எழுதி அனுப்பினார்.

2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரிலிருந்து, குண்டுவீச்சுக்கு ஆளாவது பொதுமக்களே என்று தொலைக்காட்சிகளுக்குச் சொன்னார். மறுநாள், 22-ந் தேதி, அவர் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டது. அவரும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் உயிரிழந்தனர்.

போரில் ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமானதையே சொல்லும். நேரில் பார்த்தவர் எழுதினால்தான் உண்மை நமக்கு எட்டும்.

வீட்டுப் பாடம்: ஒரு போர்ச் செய்தியைப் பெற்றோருடன் சேர்ந்து வாசியுங்கள். அது வந்த ஊர் எது, எழுதியவர் யார், அவர் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று நான்கு வரி தமிழில் எழுதி வாருங்கள்.