பன்னிரண்டு பேர் கட்சி

அன்புள்ள மக்களே,

உன் கடிதம் வந்தது. பூவாரில் ஆறு கடலில் சேரும் பொழியை மணல் அடைத்துக்கொண்டு, ஆற்றில் வெள்ளம் ஏறி நிற்பதாக எழுதியிருக்கிறாய். கடைசியில், போகிற போக்கில், "இத்தனை கட்சி எதுக்கு மாமா? ரெண்டு போதாதா?" என்று கேட்டிருக்கிறாய். முதல் வோட்டுப் போடப் போகிறவள் கேட்கவேண்டிய கேள்விதான். இதற்குப் பொதுவாக ஒரு பதில் எழுதுவது சுலபம்; நீ நிற்கிற மண்ணில் நடந்த கதையையே சொல்கிறேன். கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்.

1949 முதல் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. உன் பூவாரும் என் குழித்துறையும் அதற்குள்தான். அங்கே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்றொரு கட்சி. நாகர்கோவில் வக்கீல் நேசமணி அதன் தலைவர். மார்ஷல் நேசமணி என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். அந்தக் கட்சியின் கோரிக்கை ஒன்றே ஒன்று: தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும். விலைவாசி, நிலம், கயிறு, முந்திரி எல்லாம் மற்றவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

1952 தேர்தலில் 108 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தது 8. காங்கிரசுக்கு 44, பெரும்பான்மை இல்லை. ஏ.ஜே. ஜான் அமைத்த மந்திரிசபை இந்த எட்டுப் பேரின் ஆதரவையும் நம்பித்தான் நின்றது. 1953 செப்டம்பரில் அவர்கள் கையை எடுத்தார்கள்; மந்திரிசபை விழுந்தது.

மறுபடி 1954-ல் தேர்தல். இப்போது எழுதிக்கொள்: காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, நேசமணி கட்சி 12, புரட்சி சோஷலிஸ்ட் (ஆர்.எஸ்.பி.) 9, சுயேச்சை 9. மொத்தம் 117, ஆட்சிக்கு 59 வேண்டும். காங்கிரசோடு நேசமணி கட்சி சேர்ந்தால் 57, இரண்டு குறைகிறது. இடதுசாரிகள் மூவரும் சேர்ந்தால் 51. கம்யூனிஸ்டுகள் வந்துவிடக்கூடாது என்று காங்கிரஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. 19 பேர் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சர் ஆனார். 45 பேர் கட்சி வெளியே நின்று தாங்கியது. (பட்டத்துக்கு இந்த யோகம் இன்னொரு முறையும் வாய்த்தது. 1960-ல் கேரளத்தில் சிறிய கட்சியிலிருந்து மறுபடி முதல்வர். 1962-ல் அவரைப் பஞ்சாபுக்கு ஆளுநராக அனுப்பிவிட்டு, காங்கிரஸ் நாற்காலியைத் தானே எடுத்துக்கொண்டது.)

1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதியை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதே. தமிழர் போராட்டத்தின் மேல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். சுட்டது சோஷலிஸ்ட் ஆட்சி. அந்தக் கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தன் சொந்த மந்திரிசபையே ராஜினாமா செய்யவேண்டும் என்றார். பட்டம் மறுத்தார். அதிலிருந்து வளர்ந்த சண்டையில் கட்சி பிளந்தது. லோகியா வெளியேறித் தனிக்கட்சி கண்டார். தன் ஆட்சியைப் பார்த்து "இறங்கு" என்று சொன்ன தலைவரை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

1955 பிப்ரவரியில் நேசமணி கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. காங்கிரசும் அதற்கு வோட்டுப் போட, பட்டம் வீழ்ந்தார். பன்னிரண்டு பேரால் எப்படி முடிந்தது என்கிறாயா? பொழி முறிப்பதைப் பார்த்திருப்பாயே. மணலில் ஒரு சின்னச் சால் கீறினால் போதும். பின்னால் முட்டிக்கொண்டு நிற்கிற வெள்ளம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளம் இல்லாத நாளில் கீறினால் மண்வெட்டிதான் தேயும்.

பிறகு ராஜ்யங்களின் எல்லைகளைத் திருத்தியமைக்க அமைந்த பசல் அலி கமிஷனின் அறிக்கை வந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. கேட்ட பட்டியலில் உங்கள் நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடும் இருந்தன. அவை கேரளத்திலேயே நின்றன. நெய்யாற்றின்கரையைத் தாலுகாவாக எண்ணினால் மலையாளம் பேசுகிறவர்களே கூடுதல். எல்லையோரத்துத் தமிழ் வீடுகள் அந்தக் கூட்டலில் கரைந்துபோயின.

கேட்டதில் பெரும்பங்கு கிடைத்ததும் கட்சி காங்கிரசோடு இணைந்துவிட்டது. வேலை முடிந்த கடையை மூடுவது நேர்மைதான். ஆனால் புது எல்லையான களியக்காவிளைக்கு வடக்கே வேலை முடியவில்லையே. அங்கே இருந்தவர்களுக்கு இனி மேடை இல்லை. சிலர் காங்கிரசுக்குப் போனார்கள், சிலர் செங்கொடிக்கு. என் கணக்கில் அந்தக் கட்சி உங்கள் ஊரில் கடன் வைத்துவிட்டுப் போனது. குழித்துறையில் இதைச் சொன்னால் என்மேல் கோபப்படுவார்கள்.

இரண்டு கட்சி மட்டும் இருந்திருந்தால் இந்தக் கோரிக்கை அவற்றில் ஏதோ ஒன்றின் அறிக்கையில் பதினேழாம் பக்கத்தில் கிடந்திருக்கும். உன் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்.

கட்சி மாறுவதைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. இப்போது ஜெயித்தவர் இஷ்டம்போலக் கட்சி மாறமுடியாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறிக்கும். அதனால்தான் நெய்யாற்றின்கரையில் மார்க்சிஸ்ட் கட்சிக்காக ஜெயித்த செல்வராஜ் 2012-ல் ராஜினாமா செய்துவிட்டு, அதே ஆண்டு இடைத்தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ஜெயித்தார். சரியா தப்பா என்று உன் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை என்று நினைக்கிறேன்.

வாக்காளர் பட்டியலில் உன் பெயரைப் பார்த்துவிடு. பூவார் இருப்பது கோவளம் தொகுதியில். பாறசாலைத் தோழியோடு ஒன்றாகப் போய் நின்றால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அன்புடன்,
மாமா