0.1 புள்ளியைப் பதிய எந்தக் கைக்கணினி?

2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். அந்த நிலையில் அவரைவிட 0.1 புள்ளி மட்டுமே கூடுதலாக வைத்திருந்த தென்கொரிய வீராங்கனை கிம் யேஜி, தங்கத்துக்கான கடைசிப் போட்டிக்குச் சென்றார். இந்தச் செய்தியை ஒன்பதாம் வகுப்பில் தசம எண்களோடு சேர்த்துப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், அந்த 0.1ஐ யாரு அளந்தாங்க? எதை வச்சு அளந்தாங்க?”

கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. இதற்கு விடை தேடும்போது ஆயத்தொலை வடிவியல், ஒலியின் வேகம், பதிவேட்டின் நம்பகத்தன்மை ஆகிய மூன்றும் ஒரே பாடத்தில் வந்து சேர்கின்றன. விளையாட்டுப் போட்டிகளில் புள்ளிகளைப் பதிய டேப்லெட் எனப்படும் கைக்கணினி வாங்க நினைக்கும் பள்ளிகளுக்கும் இது பயன்படும்.

இலக்கின் கணக்கு

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இலக்கின் 10ஆம் வளையம் வெறும் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. 9ஆம் வளையத்தின் விட்டம் 5.5 மி.மீ. கடைசி வளையமான 1ஆம் வளையத்தின் விட்டம் 45.5 மி.மீ. சுடப்படும் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. குண்டின் விளிம்பு ஒரு வளையத்தைத் தொட்டாலே அந்த வளையத்தின் புள்ளி கிடைக்கும். ஆகவே, இலக்கின் மையத்துக்கும் குண்டின் மையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 2.5 மி.மீ. வரை இருந்தால் 10 புள்ளி.

இதிலிருந்து மாணவர்களே ஒரு சூத்திரத்தை உருவாக்கலாம். தொலைவை 2.5ஆல் வகுத்து, அதை 11இலிருந்து கழித்தால் புள்ளி கிடைக்கும். இரண்டாம் தசம இடத்தை முழுமையாக்கக் கூடாது, வெட்டிவிட வேண்டும். அதிகபட்சப் புள்ளி 10.9. குண்டு மையத்திலிருந்து வலப்பக்கம் 1.2 மி.மீ., மேலே 0.9 மி.மீ. தள்ளிப் பட்டிருந்தால் பிதாகரஸ் தேற்றப்படி தொலைவு 1.5 மி.மீ. புள்ளி 10.4. முழு எண்ணில் எழுதினால் 10.0 பெற்ற குண்டும் 10.9 பெற்ற குண்டும் ஒன்றுதான். தசமத்தில் எழுதும்போதுதான் வேறுபாடு தெரிகிறது.

ஏர் ரைபிளில் 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. ஏர் பிஸ்டலின் வளையங்கள் பெரியவை என்பதால் அங்கே 0.1 என்பது 0.8 மி.மீ. மனு பாக்கரின் குண்டுகளில் ஒன்று 0.8 மி.மீ. உள்ளே பட்டிருந்தால் அந்த இடைவெளி மறைந்திருக்கும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளில் 630.7 புள்ளிகள் பெற்றார். சராசரி 10.5. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், அவருடைய குண்டுகள் மையத்திலிருந்து சராசரியாக ஏறக்குறைய 1.2 மி.மீ. தொலைவுக்குள் பட்டிருக்கின்றன என்று தெரியும். ஆனாலும் அவருக்குக் கிடைத்தது 10ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு முதல் 8 பேர் மட்டுமே செல்ல முடியும். இவ்வளவு நுணுக்கமான போட்டியில் அளவையும் பதிவும் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும் என்பதை இனி மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒலியால் அளக்கும் இலக்கு

மின்னணு இலக்குகளில் ஒரு வகை, ஒலியைக் கொண்டு அளக்கிறது. குண்டு இலக்கைத் துளைக்கும்போது எழும் ஒலி, மூலைகளில் உள்ள ஒலிவாங்கிகளை வெவ்வேறு நேரத்தில் அடைகிறது. அந்த நேர வேறுபாடுகளிலிருந்து குண்டு பட்ட இடத்தைக் கணினி கணக்கிடுகிறது. இன்னொரு வகை, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒளிக்கதிர்களைக் குண்டு மறைப்பதைக் கொண்டு இடத்தை அறிகிறது.

30 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். ஒரு மைக்ரோ விநாடியில் ஒலி கடப்பது சுமார் 0.35 மி.மீ. அப்படியானால் 0.25 மி.மீ. வேறுபாட்டை அறிய, கருவி ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான நேரத்தை அளக்க வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. ஆகவே வெப்பநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒலி பற்றிய பாடத்தில் “வெப்பநிலை கூடினால் வேகம் கூடும்” என்று படிக்கும் வரிக்கு இப்போது ஒரு பயன் தெரிகிறது.

மாணவர்கள் வியக்கும் செய்தி ஒன்று உண்டு. பன்னாட்டுப் போட்டிகளில் மின்னணு இலக்கின் பின்னால் ஒரு தாளும் வைக்கப்படுகிறது. ஒரு குண்டு பதிவாகவில்லை என்றோ, தவறாகப் பதிவாகியது என்றோ வீரர் முறையிட்டால், நடுவர்கள் அந்தத் தாளையும் எடுத்து ஆராய்வார்கள். மைக்ரோ விநாடியை அளக்கும் கருவிக்கும் ஒரு தாள் சாட்சி தேவைப்படுகிறது.

கைக்கணினி எங்கே வருகிறது?

மின்னணு இலக்குகள் விலை மிகுந்தவை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் துப்பாக்கி சுடுதல் வேளச்சேரி குருநானக் கல்லூரி அரங்கில் நடந்தது. அத்தகைய அரங்குகள் எல்லா ஊர்களிலும் இல்லை. தாள் இலக்கைப் பயன்படுத்தும் இடங்களில் ஒருவர் துளையைப் பார்த்துப் புள்ளியைச் சொல்ல, இன்னொருவர் பதிகிறார். பதிவது கைக்கணினியில் என்றால், வீரரின் உழைப்பு முழுவதும் அந்தக் கருவியில்தான் பதிவாகிறது.

பல நாடுகளில் நடக்கும் ஐ.பி.எஸ்.சி. எனப்படும் செயல்முறைத் துப்பாக்கி சுடுதலில் கைக்கணினி இன்னும் இன்றியமையாதது. அங்கே வீரர் திறந்தவெளியில் இடம் மாறி மாறிச் சுடுவார், நடுவர் உடன் செல்வார். பெற்ற புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்து வீரரின் தரம் கணக்கிடப்படும். 12 விநாடிகளில் 60 புள்ளி பெற்றவருக்கு 5. 9 விநாடிகளில் 54 புள்ளி பெற்றவருக்கு 6. குறைவான புள்ளி பெற்றவர் முந்துகிறார். இதற்காக ‘பிராக்டிஸ்கோர்’ என்ற செயலி பரவலாகப் பயன்படுகிறது. தொடக்கத்தில் பலர் இதற்கு விலை உயர்ந்த கருவிகளை நாடவில்லை. மின்மைத் திரை கொண்ட ‘நூக்’ மின்னூல் கருவியைப் பயன்படுத்தினார்கள். அந்தத் திரை தாளைப் போல வெளிச்சத்தைப் பிரதிபலிப்பதால் கடும் வெயிலிலும் எழுத்து தெரியும், மின்கலமும் நீண்ட நேரம் நிற்கும். வேலைக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. வெயிலில் எழுத்து தெரியுமா? வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். திரையின் ஒளிர்வை ‘நிட்’ என்ற அலகில் சொல்வார்கள். வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகள் பல 300 முதல் 500 நிட் வரை தரும். பந்தல் நிழலில் 500 போதும். திறந்தவெளிக்கு 800க்கு மேல் வேண்டும்.

2. வெப்பத்தைத் தாங்குமா? ஐபேட் கருவியைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பநிலை 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று அதன் நிறுவனமே குறிப்பிடுகிறது. நம் பகுதியில் மே மாதத்தில் 40 டிகிரி வரை போகும். சூடேறிய கருவி முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு நின்றுவிடும்.

3. மின்கலம் மாலை வரை வருமா? 7000 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்தை 3.8 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 26.6 வாட் மணி. முழு ஒளிர்வில் கருவி 5 வாட் எடுத்தால் சுமார் 5 மணி நேரம் ஓடும். காலை 8 முதல் மாலை 5 வரை நடக்கும் போட்டிக்கு இது போதாது. பவர் பேங்க் தேவை என்பதை மாணவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

4. உப்புக்காற்றுக்குத் தாக்குப்பிடிக்குமா? ஐ.பி. 67 என்ற குறியீட்டில் 6 என்பது தூசி புகாமையையும், 7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதையும் குறிக்கும். இந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. கோவளம் போன்ற கடலோர ஊர்களில் சார்ஜ் செய்யும் துளை உப்பால் அரிக்கப்படும். துளையை மூடும் உறையும், பயன்படுத்திய பின் உலர்ந்த துணியால் துடைக்கும் பழக்கமும் வேண்டும்.

5. வியர்த்த விரலுக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் ஒத்துவருமா? ஈரம் பட்டால் தொடுதிரை தவறான இடத்தைத் தொட்டதாக உணரும். முனைவாக்கக் கண்ணாடி அணிந்தவருக்குச் சில கோணங்களில் திரை முழுக்கக் கறுப்பாகத் தெரியும். அந்தக் கண்ணாடியைத் திரை முன் மெல்லச் சுழற்றிக் காட்டினால் அதுவே ஓர் இயற்பியல் சோதனை.

6. இணையம் இல்லாமல் வேலை செய்யுமா? பதிவு கருவியிலேயே சேமிக்கப்பட வேண்டும். திடலுக்குள் ஒரு சிறு வைஃபை இணைப்பின் வழியாக இரண்டாவது கருவிக்கும் நகல் போக வேண்டும். ஒன்று நின்றாலும் போட்டி நிற்காது.

7. மாணவரின் விவரம் பாதுகாப்பாக இருக்குமா? பெயர், பிறந்த தேதி, புள்ளி எல்லாம் அதில் இருக்கும். கடவுச்சொல் வேண்டும். போட்டி முடிந்ததும் பதிவை நகலெடுத்துவிட்டு அழிக்கவும் வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

துப்பாக்கி எதுவும் இல்லாமலே இந்தப் பாடத்தை நடத்தலாம். 50 செ.மீ. சதுர சார்ட் தாளில் 2.5, 5, 7.5 என்று 25 செ.மீ. ஆரம் வரை பத்து வட்டங்கள் வரையச் சொல்லுங்கள். இது ஏர் ரைபிள் கணக்கின் பத்து மடங்கு. தாளைத் தரையில் விரித்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து புளியங்கொட்டையை விடச் சொல்லுங்கள். கொட்டை முதலில் பட்ட இடத்தைக் குறித்து, மையத்திலிருந்து கிடைத் தொலைவையும் குத்துத் தொலைவையும் அளந்து புள்ளியைக் கணக்கிட வேண்டும். தொலைவு 3.6 செ.மீ. என்றால் கணக்கில் வருவது 9.56. எழுத வேண்டியது 9.5.

ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கொட்டையை விட, ஒருவர் அளக்க, ஒருவர் தாளிலும் ஒருவர் கைக்கணினியிலும் பதியட்டும். இருபது முறை முடிந்ததும் இரண்டு பதிவுகளையும் ஒப்பிடச் சொல்லுங்கள். என் வகுப்பில் மூன்று வகைப் பிழைகள் வந்தன. தசமப் புள்ளி விட்டுப்போய் 10.4 என்பது 104 ஆனது. 9.6 என்பது 6.9 ஆனது. சரியான புள்ளி வேறொருவர் பெயரில் ஏறியது.

இங்கேதான் பாடத்தின் மையம் இருக்கிறது. 10.9க்கு மேல் ஏற்காதே என்று விரிதாளில் ஒரு கட்டுப்பாடு வைத்தால் முதல் வகைப் பிழையைக் கருவியே தடுத்துவிடும். மற்ற இரண்டையும் எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது, ஏனெனில் 6.9உம் ஏற்கத்தக்க எண்தான், பட்டியலில் உள்ள எந்தப் பெயரும் ஏற்கத்தக்க பெயர்தான். அவற்றைப் பிடிக்க ஒரே வழி, பதிந்த புள்ளியை உரக்கப் படித்து, உரியவர் திரையைப் பார்த்து, தாளில் ஒப்பமிடுவது. “அப்ப பேப்பரும் வேணும், டேபும் வேணும் மிஸ்” என்று ஒரு மாணவன் சொன்னான். பன்னாட்டு அரங்கில் மின்னணு இலக்கின் பின்னால் தாள் வைத்தவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

அடுத்த பாடவேளையில் அதே கைக்கணினியை வகுப்பறையிலும், மர நிழலிலும், உச்சி வேளையில் திடலின் நடுவிலும் வைத்து, எத்தனை அடி தொலைவிலிருந்து எண்ணைப் படிக்க முடிகிறது என்று அளக்கச் சொல்லலாம். மாணவர்களை நிழலில் நிறுத்தி, வெயிலில் சில நிமிடங்கள் மட்டும் அனுப்புங்கள். மூன்று இடங்களின் அளவுகளையும் பட்டை வரைபடமாக வரைந்தால் புள்ளியியல் பாடமும் முடிந்துவிடும்.

கோவளம் பிள்ளைகளுக்குப் போட்டிப் புள்ளிகள் புதியவை அல்ல. 2013இல் தொடங்கிய அலைச்சறுக்கு விழாவால் இந்தக் கடற்கரை பெயர் பெற்றது. அலைச்சறுக்கில் ஒவ்வோர் அலைக்கும் நடுவர்கள் 10க்குப் புள்ளி தருவார்கள், சிறந்த இரண்டு அலைகளின் கூட்டுத்தொகை கணக்கில் வரும். அங்கே மனிதக் கண் மதிப்பிடுகிறது, துப்பாக்கி சுடுதலில் கருவி அளக்கிறது. இரண்டிலும் பதிவு தவறினால் பாதிக்கப்படுவது போட்டியாளர்தான் என்பதை நம் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள்.

நம் பள்ளிகளில் நீளம் தாண்டுதலும் குண்டு எறிதலும் ஓட்டமும்தான் அதிகம். அங்கும் ஒரு செ.மீ. வேறுபாட்டில் ஒரு பிள்ளை குறுவட்டப் போட்டியிலிருந்து மாவட்டப் போட்டிக்குப் போகிறது, இன்னொரு பிள்ளை வீட்டுக்குப் போகிறது. எனவே கைக்கணினி வாங்கும் முன் உடற்கல்வி ஆசிரியரும் கணித ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து, ஒரு மாதிரிக் கருவியைப் பகல் 12 மணிக்குத் திடலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கூடவே இரண்டு மாணவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். தம் புள்ளி எப்படிப் பதிவாகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால், தவறு நேரும்போது அதை எடுத்துச் சொல்லும் துணிவும் வரும்.