ஊசியோடு வாழப்போகும் பிள்ளைக்கு ஒரு கடிதம்

முதல் வகை நீரிழிவு மிட்டாய் தின்றதால் வருவதில்லை; யாரும் செய்த பாவத்தாலும் வருவதில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. அதனால் இன்சுலினை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். சோறு தண்ணீரைப் போல அது தினப்படித் தேவை.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அடுத்துள்ள ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற மரபு நெல்களை மறுபடி வயலுக்குக் கொண்டுவந்தன. தவிடு நீக்காத அந்த அரிசி நல்ல உணவு, மெதுவாகச் செரிக்கும். ஆனால் காட்டுயானம் சாப்பிட்டால் சுகர் போய்விடும், ஊசி வேண்டாம் என்று அன்போடு சொல்கிற உறவினர் எல்லா வீட்டிலும் இருப்பார். எந்த அரிசியும் மாவுச்சத்துதான். சோற்றின் அளவுக்கேற்ப இன்சுலின் வேண்டும். ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளிலும் அடிப்படை இன்சுலினை விடக் கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது இந்தப் பகுதி பல நாள் மின்சாரமில்லாமல் கிடந்தது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். திறந்த குப்பி பெரும்பாலும் 4 வாரம் வரை, 30 டிகிரியைத் தாண்டாத நிழலில் தாங்கும். ஃப்ரிட்ஜ் ஓடாத வீட்டில், பெரிய மண்பானைக்குள் ஈர மணல் பரப்பி, அதில் ஒரு சிறு பானையைப் புதைத்து, நீர் புகாமல் கட்டிய குப்பியை அதற்குள் வைக்கலாம். உறைந்த இன்சுலின் வீண். ஐஸ்கட்டி மேல் வைக்கவே கூடாது.

நடவு வயலிலும் கபடித் திடலிலும் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்கி வேர்த்தால் அளவு பார்க்க வேண்டும். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனை. இதை ஆசிரியரும் தோழர்களும் அறிந்திருக்க வேண்டும். கல்யாணத்தை நினைத்துப் பெண் பிள்ளைகளின் நோயை மறைக்கும் வீடுகள் அவர்களைத்தான் ஆபத்தில் தள்ளுகின்றன.

1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்ப்சனுக்கு இன்சுலின் போடப்படும்வரை, இந்நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் இறந்தார்கள். 50 ஆண்டு இன்சுலினோடு வாழ்ந்தவர்களுக்கு அமெரிக்காவின் ஜாஸ்லின் மையம் 1970 முதல் பதக்கம் கொடுக்கிறது. பிறகு 75 ஆண்டுக்கும், 80 ஆண்டுக்கும் தனிப் பதக்கம் ஏற்படுத்த வேண்டியதாயிற்று.